கால்நடைகளின் கண்வில்லையும் அதைக் காக்கும் புரதங்களும்

உழவு மாட்டிற்குக் காலும் தோளும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு கண்ணும் அவசியமாகும். கண் மங்கிய மாடு வரப்பில் இடறும், வண்டிக்கு உதவாது, சந்தையில் அதன் விலையும் குறையும். ஆயினும், மாட்டின் கண்ணில் வெண்மை தோன்றியவுடன், காரமான பச்சிலைச் சாறுகளைப் பிழிந்து விடுவோர் உளர். புரை விழுந்த கண்ணுக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. இதன் காரணத்தை அறிய, கண்வில்லை எதனால் ஆனது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம்.

கருமணியின் துவாரத்திற்குப் பின்னால், பளிங்குபோல் தெளிந்த ஒரு சிறு வில்லை அமைந்திருக்கிறது. வெளிச்சத்தைக் குவித்துக் கண்ணின் பின்புறத்துத் திரையில் விழச் செய்வது இதன் வேலை. இரத்தக் குழாய்கள் இருந்தால் வெளிச்சம் தடைப்படுமாதலால், இதற்குள் அவை கிடையா. வில்லையின் உட்புறத்து நார்கள் தமது உட்கருவையும் இழந்து விடுகின்றன. ஆகவே அவை புதிய புரதத்தை உண்டாக்க இயலாது. வெங்காயத்தில் தோலின்மேல் தோல் இருப்பதுபோல, புதிய நார்கள் வெளிப்புறத்தில் படிந்துகொண்டே வரும். நடுப்பாகமோ பழையதாகவே நிலைத்திருக்கும். கன்று தாய் வயிற்றில் இருந்தபோது உண்டான புரதமே, அது கிழமாடான பின்பும் வில்லையின் நடுவில் இருக்கிறது. இவ்வுண்மையைக் கொண்டே, 2016-ஆம் ஆண்டில், கிரீன்லாந்துச் சுறாமீன் ஒன்றின் கண்வில்லை நடுப்பாகத்தை ஆராய்ந்து, அதன் வயது 272 ஆண்டுகளுக்குக் குறையாது என்று மதிப்பிட்டனர்.

கண்வில்லையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதமேயாகும். இவ்வளவு செறிந்த புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் இருப்பதே வியப்பு. முட்டையின் வெண்கரு வெந்தால் வெளுத்து விடுகிறது. குழம்பில் வெந்த மீனின் கண்ணும் வெள்ளை உருண்டையாகிறது. புரதங்கள் குலைந்து திரண்டமையே இதற்குக் காரணம். உயிருள்ள கண்ணிலும், முதுமை, அடி முதலிய காரணங்களால் இத்தகைய திரட்சி உண்டாகுமாயின், வெளிச்சம் சிதறிப் பார்வை மங்குகிறது. இதுவே கண்புரை எனப்படும்.

இவ்வாபத்தைத் தாங்கும் புரதங்கள் எங்கிருந்து வந்தன? மாட்டின் கண்வில்லைப் புரதங்களை 1894-ஆம் ஆண்டிலேயே மோர்னர் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் வகை பிரித்தார். இவை கிறிஸ்டலின்கள் எனப்படும். அவற்றுள் ஆல்பா என்னும் வகை, சூடு மிகுந்தபோது மற்றப் புரதங்களைக் காக்கும்பொருட்டுப் பல உயிர்களின் உடலிலும் உண்டாகும் புரதங்களின் இனத்தைச் சேர்ந்தது. குலையத் தொடங்கிய புரதங்களை இது பற்றிக்கொண்டு, திரளாமல் தடுக்கிறதென்று 1992-ஆம் ஆண்டில் ஹார்விட்ஸ் என்பவர் காட்டினார். வாத்தின் கண்ணிலுள்ள ஒரு கிறிஸ்டலின், உடலில் சர்க்கரைச் சத்தைப் பயன்படுத்த உதவும் ஓர் என்சைமே என்று 1987-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கோழியின் கண்ணிலுள்ள வேறொன்றும் ஓர் என்சைமுக்கு உறவானதே.

ஆகவே, இப்புரதங்கள் கண்ணுக்கென்றே புதிதாகத் தோன்றியவை அல்ல. உடலில் வேறு வேலை செய்துவந்த உறுதியான புரதங்களே, தலைமுறை தலைமுறையாக நேர்ந்த சிறு மாறுதல்களால் கண்வில்லையில் மிகுதியாக உண்டாகத் தொடங்கின. நன்றாகக் கண்டவை இரையைப் பிடித்தும், பகைக்குத் தப்பியும், குட்டிகளைப் பெருக்கின. குடியானவர் நல்ல கதிரை விதைக்கென்று பொறுக்குவதுபோல, பொறுக்குவார் எவருமின்றியே இத்தேர்வு நடந்தேறியது. அந்தந்த இடத்தின் தன்மைக்கேற்பவும் புரதங்கள் தேறியுள்ளன. கன்றின் கண்வில்லையைத் தனியே எடுத்துக் குளிரச் செய்தால் ஏறக்குறைய 20 டிகிரி சென்டிகிரேடிலேயே நடுப்பாகம் வெளுக்கும். வெதுவெதுப்பாக்கினால் மீண்டும் தெளியும். தென்துருவக் கடலில் வாழும் ஒருவகைப் பெரிய மீனின் வில்லையோ, உறைநிலைக்கும் 12 டிகிரி கீழே தெளிவு குன்றாதிருக்கிறது.

இவ்வளவு திறமையுள்ள காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. வில்லையின் நடுவில் இருக்கும் ஆல்பா புரதம் செலவானால் ஈடு செய்யப்படுவதில்லை. திரண்டுபோன புரதத்தை எந்தச் சாறும் மருந்துத் துளியும் தெளிவிக்கமாட்டா. ஆதலால் வருமுன் காத்தலே வழி. மாட்டின் முகத்தில் சாட்டை வீசலாகாது. கொட்டிலில் முள்ளும், நீட்டிய ஆணியும், கூரிய மூங்கிற் சிம்பும் இருக்கலாகாது. கண்ணில் படும் பலத்த அடியும் புரையை உண்டாக்கும்.

வெண்மை யாவும் புரையன்று என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். கண்ணின் மேற்பரப்பில் தோன்றும் பூ, காயத்தாலோ, ஈக்கள் பரப்பும் தொற்றாலோ வருவது. தாமதியாமல் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் குணப்படும். கருமணியின் உட்புறத்தே தோன்றும் வெண்மையே புரை. இரண்டையும் பிரித்தறிய மாட்டை உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காரமான சாறு விடுவதால் குணமாகக்கூடிய பூவும் புண்ணாகிக் கண்ணே கெட நேரிடும். நிலக்காரர்களும் கிராம அதிகாரிகளும் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாயின், பல மாடுகளின் கண்கள் காப்பாற்றப்படும்.