தூக்கத்திலேயே 'இது கனவுதான்' என்று தெரிந்தால்..? லூசிட் ட்ரீமிங் என்பது என்ன, யார் முயலலாம்?

அதே ஹைவே. அதே மழை. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு திடீரெனப் பெரிதாகிறது. பிரேக்கை அழுத்துகிறேன், பிடிக்கவில்லை. அந்த இடத்தில் சரியாகக் கண் விழித்துவிடுவேன். மணி பெரும்பாலும் நாலரை, ஐந்து இருக்கும். டி-ஷர்ட் வியர்வையில் நனைந்திருக்கும்.

2 வருடங்களுக்கு முன் நடந்த பைக் விபத்தின் மிச்சம் இது. நிஜத்தில் எனக்கு முழங்கையில் 4 தையல், பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனுக்குச் சின்ன சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் கனவில் மட்டும் அந்த விபத்து முடியவே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை ரீ-ரிலீஸ் ஆகிக்கொண்டிருந்தது. "கனவுக்குள்ளயே இது கனவுன்னு தெரிஞ்சுக்கிட்டா, அந்த லாரியையே காணாம பண்ணிடலாம்டா" என்றான் ஆபீஸ் நண்பன் ஒருவன். கிண்டல் பண்றான் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஐம்பது ஆண்டு ஆய்வும் இருக்கிறது.

லூசிட் ட்ரீம் என்றால் என்ன?

தூங்கிக்கொண்டிருக்கும்போதே, 'நான் இப்போது கனவு காண்கிறேன்' என்று நமக்குத் தெரிவது. இதுதான் லூசிட் ட்ரீம். பறப்பது, கடலுக்கடியில் நடப்பது, இறந்துபோன தாத்தாவோடு பேசுவது என்று கனவை இஷ்டத்துக்கு இயக்குவது இதற்கு அடுத்த கட்டம். தெரிந்துவிட்டாலே கட்டுப்பாடும் கைக்கு வந்துவிடும் என்று ரீல்ஸில் சொல்வதை நம்ப வேண்டாம். கனவு என்று நன்றாகத் தெரிந்தும், வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்தவர்கள் ஏராளம்.

இந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரடெரிக் வான் ஏடன். 1913-ல் தன் கனவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். தமிழில் 'தெளிவுக் கனவு' என்கிறார்கள். ஹெச்.டி. குவாலிட்டியில் தெரியும் கனவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மயக்கம் தெளிஞ்சுது' என்கிறோமே, அந்தத் தெளிவு.

அபூர்வமான விஷயமும் இல்லை. அரை நூற்றாண்டில் வெளியான 34 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 சதவீதம். உங்களுக்கும் வந்திருக்கலாம், பெயர்தான் தெரிந்திருக்காது.

தூங்குகிறவர் சொல்வதை எப்படி நம்புவது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'நேத்து கனவுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுது' என்று காலையில் எழுந்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நடுவில் அரைகுறையாக விழித்திருந்தாரோ என்னவோ என்பதுதான் விஞ்ஞானிகளின் சந்தேகம்.

விடை நம் உடலிலேயே இருந்தது. நினைவில் நிற்கும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் 'ரெம்' என்ற தூக்க நிலையில் வருகின்றன. மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அலையும் நிலை அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் இதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் கை, கால் தசைகளை மூளை ஏறக்குறைய முடக்கி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவோம். ஆனால் கண்களுக்கு இந்தத் தடை இல்லை.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டார். அடிக்கடி லூசிட் ட்ரீம் காணும் ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடது, வலது என்று குறிப்பிட்ட முறை ஆட்டுங்கள்' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். 1975 ஏப்ரலில் ஒரு காலை. மூளை அலைகள் ரெம் தூக்கம் என்று காட்டுகின்றன, தசைகள் தளர்ந்து கிடக்கின்றன, கண் அசைவைப் பதிவு செய்யும் பேனா மட்டும் பேசி வைத்தபடியே இடது, வலது என்று ஏறி இறங்குகிறது. கனவுக்குள்ளிருந்து வெளியே வந்த சிக்னல் அது. இது தெரியாமலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் அதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்து, 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். உலகம் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

2021-ல் இது இன்னொரு கட்டத்துக்குப் போனது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என 4 நாட்டு ஆய்வகங்களில் 36 பேரைத் தூங்கவைத்து, அவர்கள் லூசிட் ட்ரீமில் இருக்கும்போது வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். 'எட்டில் ஆறு போனால் எவ்வளவு?' தூங்கிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் கண்ணை இரண்டு முறை அசைத்தார். முழித்துக்கொண்டிருக்கும்போதே திங்கட்கிழமை மீட்டிங்கில் என்னால் இந்தக் கணக்கைப் போட முடிவதில்லை. அதற்காக எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 158 முயற்சிகளில் சரியான பதில் வந்தது 18 சதவீதத்தில்தான். 60 சதவீதத்தில் பதிலே இல்லை.

'அமுக்குவான் பேய்'க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. முழிப்பு வந்துவிடும், ஆனால் கை, கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். பாட்டி இரும்பைத் தலையணைக்கடியில் வைக்கச் சொல்வார். ரெம் தூக்கத்தின் தசை முடக்கம் விலகும் முன்பே மனம் விழித்துக்கொள்வதுதான் காரணம். டாக்டர்கள் 'ஸ்லீப் பாரலிசிஸ்' என்கிறார்கள். நடுராத்திரி தூக்கத்தைக் கலைத்து லூசிட் ட்ரீம் பழகுகிறவர்களுக்கு இது வர வாய்ப்பு உண்டு. ஆபத்தில்லை, தானாகவே விலகிவிடும். ஆனால் முன்பே தெரியாவிட்டால் பயந்துவிடுவோம்.

சரி, எப்படிப் பழகுவது?

முதலில் ஒரு நோட்டு வேண்டும். எழுந்ததும் போனைத் தொடாமல், ஞாபகம் இருக்கும் கனவை அப்படியே எழுத வேண்டும். ஒரு வரி என்றாலும் பரவாயில்லை. 'எனக்குக் கனவே வராது' என்பவர்களில் பலருக்கு நிஜத்தில் கனவு வராமல் இல்லை, எழுந்ததும் மறந்துவிடுகிறது. கனவே நினைவில் நிற்காவிட்டால், அதில் தெளிவு வந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு வாரம் எழுதினால் உங்கள் கனவுகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகள் கண்ணில் படும். பழைய ஸ்கூல், தவறவிட்ட ரயில், என் விஷயத்தில் அந்த லாரி.

இதோடு பகலில் 'இது கனவா?' என்று அவ்வப்போது சோதிக்கும் பழக்கத்தைச் சேர்ப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்ப்பது ஒரு வழி. கனவில் பல சமயம் மூச்சு வரும்! பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, பார்வையைத் திருப்பி மறுபடி படிப்பது இன்னொரு வழி. கனவில் எழுத்துகள் மாறிவிடும். ஆனால் இதை மட்டும் செய்து பெரிய பலன் கிடைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஓரளவு வேலை செய்வது லபெர்ஜ் உருவாக்கிய 'மைல்ட்' முறை. சுமார் 5 மணி நேரம் தூங்கிய பிறகு அலாரம் வைத்து எழ வேண்டும். ஏன் 5 மணி நேரம்? ரெம் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், விடியல் நெருங்க நெருங்க நீளும். அதாவது கனவின் பெரும்பகுதி கடைசி ஷோவில்தான். எழுந்ததும் அப்போது கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவில் வைத்துக்கொள்வேன்' என்று மனதுக்குள் சொல்லியபடி, அதே கனவுக்குள் தெளிவோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டே மீண்டும் தூங்க வேண்டும். மந்திரமெல்லாம் இல்லை. 'போற வழியில பால் வாங்கணும்' என்று காலையில் நினைத்து, மாலையில் கடையைப் பார்த்ததும் ஞாபகம் வருகிறதே, அதே நினைவாற்றல்தான்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி, 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இவை மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் சுமார் 17 சதவீத வெற்றி. மைல்ட் முடித்து 5 நிமிடத்துக்குள் மீண்டும் தூங்கியவர்களுக்கு அது 46 சதவீதம் வரை போனது. நடுராத்திரி எழுந்து 'இன்னும் தூக்கம் வரலையே' என்று இன்ஸ்டாவைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது.

இதனால் என்ன லாபம்?

ஜெர்மனியில் டேனியல் எர்லாக்கரும் மைக்கேல் ஷ்ரெட்லும் ஒரு சுவாரஸ்யமான சோதனை செய்தார்கள். தூரத்திலிருக்கும் கப்புக்குள் நாணயத்தை எறிய வேண்டும். இரவில் லூசிட் ட்ரீமில் அதைப் பயிற்சி செய்தவர்கள், காலையில் முன்பைவிட நன்றாக எறிந்தார்கள். ஆனால் அப்படிக் கனவில் பயிற்சி செய்ய முடிந்தவர்கள் வெறும் 7 பேர். இதை வைத்து 'கனவில் கோடிங் கற்றுக்கொள்ளுங்கள்' என்று கோர்ஸ் விற்கிறார்கள். பர்ஸை மூடி வையுங்கள். 'இன்செப்ஷன்' படத்தில் வருவது போல, கனவில் நேரம் பல மடங்கு நீள்வதும் கிடையாது. லபெர்ஜின் சோதனையில், கனவில் 10 எண்ணுவதற்கு ஆன நேரம், விழிப்பில் ஆவதைப் போலத்தான் இருந்தது.

உண்மையான பயன், என்னைப் போல ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் இருக்கக்கூடும். 2006-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், லூசிட் ட்ரீம் பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. ஆனால் இதில் ஒரு திருப்பம்: பலன் கிடைக்க, கனவில் தெளிவு வந்தே ஆகவேண்டும் என்ற அவசியம் இருக்கவில்லை! 'இந்தக் கனவை மாற்ற முடியும்' என்று பகலில் யோசித்துப் பழகியதே உதவியிருக்கலாம்.

அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமியின் 2018 அறிக்கை, கெட்ட கனவுகளுக்கு லூசிட் ட்ரீம் சிகிச்சையைப் 'பயன்படுத்தலாம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 'பரிந்துரைக்கிறோம்' என்று அது சொல்வது இன்னொரு முறையை. கெட்ட கனவின் கதையைப் பகலில், விழித்திருக்கும்போதே வேறு மாதிரி எழுதி, தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. அலாரம் தேவையில்லை, தூக்கமும் கெடாது.

யாருக்கு இது வேண்டாம்?

நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், தினமும் 6 மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் தயவுசெய்து அலாரம் விளையாட்டில் இறங்க வேண்டாம். இருக்கிற தூக்கத்தையும் உடைத்து லூசிட் ட்ரீம் தேடுவது, வாடகைக் காசில் லாட்டரி வாங்குவது மாதிரி. எது நிஜம் என்ற குழப்பம் தரும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களும், அதற்குச் சிகிச்சை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. இஸ்ரேலில் மாணவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், வலிந்து இந்த உத்திகளைச் செய்தவர்களுக்கு, தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு இரண்டு மாதத்தில் கூடியிருந்தது.

முக்கியமாக, மாத்திரை. அல்சைமர் நோய்க்குத் தரும் கேலன்டமைன் என்ற மருந்து லூசிட் ட்ரீமைக் கூட்டுகிறது என்பது 2018-ல் 121 பேரிடம் நடந்த சோதனையில் தெரியவந்தது உண்மைதான். ஆனால் அது இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்து. ஆன்லைனில் வாங்கிப் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை.

நீங்க முயற்சி பண்ணீங்களா?

பண்ணினேன். 19 நாள் நோட்டு எழுதினேன். ஒரே ஒரு முறை, அந்த ஹைவேயில் இருந்த ஊர்ப் பலகையை இரண்டாவது தடவை பார்த்தபோது எழுத்துகள் கலைந்து வேறு ஊரானது. 'டேய், இது கனவு!' அந்தச் சந்தோஷத்திலேயே முழித்துவிட்டேன். மொத்தம் சில நொடிகள் இருந்திருக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது சகஜமாம். பகல் முழுக்கத் தூக்கம் சொக்கியதுதான் மிச்சம். இருபதாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு மனநல ஆலோசகரின் உதவியோடு, கனவை மாற்றி எழுதும் முறைக்கு மாறினேன். என் புதுக் கதையில் விபத்தே இல்லை. லாரி மெதுவாக இடதுபக்கம் ஒதுங்கி ஒரு டீக்கடை முன்னால் நிற்கும், நாங்கள் கடந்து போவோம். தினமும் இரவு 10 நிமிடம் கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு மாதமாகிறது. வாரம் இரண்டு முறை வந்த கனவு இப்போது மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது.

போன வாரம்கூட வந்தது. மழை, ஹைவே, சிவப்பு விளக்கு எல்லாம் அப்படியே. அது கனவு என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் லாரி இடதுபக்க இண்டிகேட்டர் போட்டது.