ஹஜ் ஆடுகளும் தேய்ந்துபோன மேய்ச்சல் தரையும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் கடைத்தெருவில் மாட்டு விலை பற்றிய பேச்சுத்தான். ஹஜ் காலத்தில் மக்காவுக்குத் தேவைப்படும் இலட்சக்கணக்கான ஆடுகள் எங்கிருந்து போகின்றன என்று விசாரித்தவர்கள் குறைவு. அவற்றில் கணிசமான பங்கு சோமாலியக் கரையின் பெர்பரா, பொசாசோ துறைமுகங்களிலிருந்து கப்பலேறுகிறது. ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கின்படி 2014இல் அந்நாடு ஏற்றுமதி செய்த கால்நடைகள் ஏறத்தாழ 50 இலட்சம். பெறுமதி 36 கோடி டொலர்.

அங்குள்ள சந்தைகளில் தரகருக்குத் ‘திலால்’ என்று பெயர். துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிலும் இருந்த வழக்கம்தான் இது.

இந்த வியாபாரத்தின் முதல் புல்தான் என்று நான் சொல்வேன். அந்த முதல் கரைந்து வருகிறது.

ஹவ்த் என்றொரு பெரிய மேய்ச்சல் வெளி இருக்கிறது. அங்கு நிரந்தரக் கிணறுகள் அரிது. எனவே மழை பெய்தால் மந்தைகள் உள்ளே போகும். தண்ணீர் வற்றினால் வெளியேறும். புல்லுக்கு ஓய்வு கிடைத்தது அப்படித்தான். 1950களிலிருந்து ‘பெர்காத்’ எனப்படும் சீமெந்துத் தொட்டிகளை வசதியுள்ளவர்கள் கட்டத் தொடங்கினர். (‘பிர்கா’ என்ற அரபுச் சொல்தான்.) தண்ணீர் இருந்ததால் மந்தைகள் நின்றுவிட்டன. தொட்டிகளைச் சுற்றிய நிலம் ஓய்வின்றி மேயப்பட்டு வெறும் மண்ணானது. பிறகு வேலி வந்தது. பொது நிலத்தை அடைத்து, துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் ஆடுகளுக்கென்று புல் வளர்த்து விற்கிறார்கள். வேலி போட்டவருக்கு நல்ல வியாபாரம். வெளியே நிற்பவரின் ஆட்டுக்கு மேய இடம் குறைந்தது.

இதைவிடப் பெரிய சேதம் கரி வியாபாரம். வளைகுடா நாடுகளில் இறைச்சி சுடவும் ஹூக்கா புகைக்கவும் சோமாலிய அகேசியா மரத்தின் கரிக்குத் தனிக் கிராக்கி. நாமும் சிரட்டைக் கரி ஏற்றுமதி செய்கிறோம். தேங்காய் காய்க்கும் வரை சிரட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த மரமோ வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். வறட்சியில் ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீனியும் அதன் இலைதான். மரம் போனபின் மழைநீர் மண்ணை அரித்துச் செல்கிறது, புல் முளைப்பதில்லை. கரி ஏற்றுமதிக்கு எதிராகப் போராடிய ஃபாத்திமா ஜிப்ரீல் என்ற பெண்மணிக்கு 2002இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2012 பெப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையே தடை விதித்தது. அதன் பின்னரும் கள்ளத்தனமாகக் கரி போய்க்கொண்டுதான் இருந்தது. வெட்டியவர்களில் பலர் மந்தையை இழந்த மேய்ப்பர்கள் என்பதுதான் வேதனை.

ஒரு குடும்பம் விழும் விதத்தை வியாபாரிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். புல் குறைந்தால் முதலில் பால் நிற்கும். பால் விற்ற காசில் வாங்கிய அரிசியும் சீனியும் இனிக் கடனுக்கு. கடைக்காரரும் கொடுப்பார், ஆடு விற்றதும் தீர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில். வறட்சி நீடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மெலிந்த ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ஆட்டு விலை சரியும்; அரிசி விலை ஏறும். நேற்று ஓர் ஆட்டுக்கு ஒரு மூடை கிடைத்தது என்றால் இன்று பாதி மூடைகூட இல்லை என்ற நிலை. அடுத்துக் குட்டி போடும் பெட்டையை விற்பார்கள். அதோடு முதலே போய்விடும். ஆடு சினைப்பட்டு 5 மாதத்தில் ஈனும், ஒட்டகமோ 13 மாதம் சுமக்கும். அழிந்த ஒட்டக மந்தை மீளப் பல வருடம் எடுக்கும். குடும்பம் நகரத்து முகாமுக்குப் போய்விட்டால் கடைக்காரரின் கடன் புத்தகத்தை யாரிடம் நீட்டுவது? 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தபோது 30 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. அந்தச் செய்திகளைப் படித்தபோது இப்படிப்பட்ட கடைகளைப் பற்றித்தான் நான் யோசித்தேன்.

முன்பும் அடி விழுந்ததுண்டு. ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் காரணமாக 2000இல் சவூதி விதித்த இறக்குமதித் தடை 2009 வரை நீடித்தது. ஆனால் தடையை ஒரு கையெழுத்து நீக்கியது. மண்ணுக்கு அப்படியொரு கையெழுத்து இல்லை.

இனி வருவது நாட்காட்டிச் சிக்கல். மழை சூரிய மாதத்தைப் பார்த்து வருகிறது: ‘கு’ எனும் பெருமழை ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஹஜ்ஜோ பிறையைப் பார்த்து ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024இல் ஹஜ் ஜூன் நடுவில் வந்ததால் மழைப் புல் மேய்ந்த ஆடு கப்பலேறியது. 2033 அளவில் அது மார்ச் மாதத்துக்குள் வந்துவிடும். அது ‘ஜிலால்’ என்ற கடும் வறட்சிக் காலத்தின் கடைசி. நல்ல தரையென்றால் காய்ந்த புல்லாவது மிஞ்சியிருக்கும். தேய்ந்த தரையில் எதுவும் மிஞ்சாது. தீனியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விற்பதற்கு அந்தத் தீனி வைத்திருப்பவர்கள் வேலி போட்டவர்களே.