ஓடு இரவில் உருவாகிறது

முட்டையின் ஓடு மெலிந்தால் தீவனத்தில் சுண்ணாம்பைக் கூட்டச் சொல்வது வழக்கம். அளவு குறைவாக இருந்தால் அது சரியான மருந்துதான். ஆனால் கணக்குப்படி கால்சியம் இருந்தும் ஓடு உடைகிற பண்ணைகளில், அது எந்த வடிவில், எந்த நேரத்தில் கோழிக்குக் கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஓர் ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. ஒரு கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கால்சியத்தில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஓட்டுச் சுரப்பியில் முட்டை தங்கும் சுமார் 20 மணி நேரத்தில் ஓடு வேகமாகப் படியும் நேரம் பெரும்பாலும் இரவில் கழிகிறது. இருட்டில் கோழி இரையெடுப்பதில்லை. குடலில் தீவனம் தீர்ந்ததும் அது தன் எலும்பிலிருந்து கைமாற்று வாங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் கால் எலும்புகளின் உட்குழியில் வளரும் தனி எலும்புத் திசு இதற்கென்றே இருக்கிறது. பகலில் அந்தக் கடன் முழுதாக அடையாவிட்டால் உடலைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். கோழி கால் விழுந்து படுத்துவிடும். எலும்பு கரையும்போது கால்சியத்தோடு பாஸ்பரஸும் வெளியேறி எச்சத்தில் வீணாகிறது.

மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் கரைந்து குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள குருணையோ கிளிஞ்சலோ அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெல்லக் கரைந்து இரத்தத்துக்குக் கால்சியம் தருகிறது. எலும்பின் சுமை குறைகிறது.

அப்படியானால் மாவையே அதிகமாகப் போட்டால் போதாதா? போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏற்கெனவே 4 சதவீதத்தை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் தீவனம் சுவை குன்றும். துத்தநாகமும் மாங்கனீசும் குடலில் உறிஞ்சப்படுவது தடைப்படும். ஓட்டுக்குத் தேவையான கார்பனேட்டை உண்டாக்க உதவும் நொதி துத்தநாகம் இல்லாமல் இயங்காது. ஓடு படியத் தொடங்கும் அடித்தளம் சரியாக அமைய மாங்கனீசு வேண்டும். வெயிலும் வயதும்தான் காரணம் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. நாமக்கல் கோடையில் கோழி வாய் பிளந்து இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, கார்பனேட்டுக்கான மூலப்பொருளே குறைகிறது. வயதான கோழியின் முட்டை பெரிதாகிறது, ஓட்டுப் பொருளோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. சுண்ணாம்பு மட்டும் இவற்றைத் தீர்க்காதுதான். ஆனால் கோழி குறைவாகத் தின்னும் வெயில் காலத்தில் தின்ற கால்சியமாவது இரவுக்கு மிஞ்ச வேண்டும். பண்ணையாளர்கள் சுண்ணாம்பில் ஒரு பங்கையாவது குருணையாக்கி, மாலைத் தீவனத்தில் கொடுக்க வேண்டும்.