வாடகை சர்வரில் கெர்னல் யாருடையது?

மெய்நிகர் சர்வர் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ரேம் அளவும் விலையும்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் யாருடையது என்பது. 2005-இல் வெளிவந்த ஓபன்விஇசட் என்ற கன்டெய்னர் முறையில் ஒரே லினக்ஸ் கெர்னலை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்கிறார்கள். கோப்புகள், இயங்கும் நிரல்கள் முதலியவை மட்டுமே பிரிக்கப்படுகின்றன. அதனால் அங்கே விண்டோஸை நிறுவ முடியாது, விரும்பிய கெர்னலையும் ஏற்ற முடியாது. 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் சேர்ந்த கேவிஎம், இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலேயே உள்ள மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொருவருக்கும் தனிக் கெர்னல் ஓடும் முழுக் கணினியைத் தருகிறது. 2016-இல் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ போன்ற கெர்னல் ஓட்டை, பகிர்ந்த கெர்னலில் எல்லோருக்குமே ஆபத்து. கேவிஎம்மில் தாக்குபவர் மெய்நிகர் கணினிக்கும் அதைத் தாங்கும் கணினிக்கும் இடையிலான இன்னொரு சுவரையும் உடைத்தாக வேண்டும்.

அந்தச் சுவரிலும் விரிசல் உண்டே என்றால், உண்மைதான்: 2015-இன் ‘வெனம்’ குறை, கேவிஎம்முடன் இயங்கும் கியூஇஎம்யூ என்ற மென்பொருளின் பழைய ஃப்ளாப்பி வட்டுப் பகுதியில் இருந்தது. ஆனாலும் முழுக் கெர்னலைவிட அந்த எல்லை குறுகலானது, காவல் எளிது. தனிக் கெர்னல் கூடுதல் ரேம் தின்னும் என்பதும் சரியே. மெய்நிகர் கணினியில் வரும் வட்டு, வலையமைப்பு வேகக் குறைவையோ விர்ட்ஐஓ என்ற இயக்கி முறை பெருமளவு சரிக்கட்டுகிறது. இழந்தாலும் பாதகமில்லாத சோதனைத் தளத்துக்குக் கன்டெய்னர் போதும். பிறருடைய தரவைக் காப்பவர் கேவிஎம்மையே எடுக்கட்டும்.