புகாருக்குள்ளான துறையே விசாரிக்கலாமா? ஆத்தூர் எழுப்பும் கேள்வி

சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே வாழும் பட்டியலினத்தைச் சேர்ந்த முதிய விவசாயச் சகோதரர்கள் இருவருக்கு 2023ஆம் ஆண்டு அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. அஞ்சல் உறையின் மீது அவர்களது சாதிப் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது வனத்துறையின் 2017ஆம் ஆண்டு வழக்கு. அவ்வழக்கிலிருந்து ஆத்தூர் நீதிமன்றம் அவர்களை 2021லேயே விடுவித்துவிட்டது. செய்தி வெளியாகிக் கண்டனங்கள் எழுந்த பின்னரே, 2024 ஜனவரியில், அமலாக்கத் துறை தன் நடவடிக்கையைக் கைவிட்டது.

இத்துடன் கதை முடியவில்லை. சென்னையில் சரக்கு மற்றும் சேவை வரித் துறையில் துணை ஆணையராகப் பணியாற்றிய பி. பாலமுருகன், இவ்விவகாரத்தைச் சுட்டிக்காட்டி, ஒன்றிய நிதியமைச்சரைப் பதவிநீக்கக் கோரிக் குடியரசுத் தலைவருக்கு 2024 ஜனவரித் தொடக்கத்தில் கடிதம் எழுதினார். அம்மாத இறுதியில், ஓய்வுபெறச் சில நாட்களே இருந்த நிலையில், பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். விவசாயிகளுக்காக நின்ற வழக்கறிஞர் அவருடைய துணைவியார்.

அரசு ஊழியர் ஒருவர் இவ்வாறு கடிதம் எழுதலாமா என்பது விவாதத்திற்குரியது. அரசை விமர்சிப்பதற்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் வரம்பு விதிக்கின்றன. நாம் இங்கே எழுப்பும் கேள்வி வேறு: அவர் வரம்பு மீறினாரா என்பதை யார் முடிவு செய்வது?

அமலாக்கத் துறையும் மறைமுக வரி வாரியமும் ஒன்றிய நிதியமைச்சகத்தின் வருவாய்த் துறையின் கீழ் இயங்குபவை. முதல்நிலை அதிகாரிகள் மீதான ஒழுங்கு அதிகாரம் குடியரசுத் தலைவருடையது; நடைமுறையில் அதை அவர் பெயரால் செலுத்துபவர் துறை அமைச்சரே. ஆக, எந்த அமைச்சகத்தின் மீது புகார் எழுந்ததோ, அதுவே புகார் எழுதியவரை விசாரிக்கும் இடத்திலும் அமர்கிறது. எவரும் தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது இயற்கை நீதியின் முதற்கோட்பாடு. அது இங்கே அமைப்பு முறையிலேயே உடைகிறது.

சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் உறுப்பு, குற்றச்சாட்டைத் தெரிவித்து, தன்னைத் தற்காத்துக்கொள்ள நியாயமான வாய்ப்பளிக்காமல் ஓர் ஊழியரைப் பதவிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. ஆனால் விசாரிப்பவர் வெளியிலிருந்து வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1965ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகளின்படி, விசாரணை அதிகாரியையும் துறைத் தரப்பை முன்வைப்பவரையும் நியமிப்பது ஒரே ஒழுங்கு அதிகாரியே. விசாரணை அதிகாரி சுதந்திரமான தீர்ப்பாளராக நடக்க வேண்டும், துறையின் பிரதிநிதியாக அல்ல என்று சரோஜ்குமார் சின்ஹா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவரை நியமிக்கும் கை மட்டும் மாறவில்லை.

பணியிடைநீக்கம் சட்டத்தின் பார்வையில் தண்டனையே அல்ல. ஆகவே 311இன் பாதுகாப்பு அதற்கு இல்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் மூன்று மாதங்களுக்கு மேல் அதை நீட்டிக்கக் கூடாது என்று அஜய்குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆனால் ஓய்வுக்குச் சில நாட்கள் முன்பு வரும் ஆணைக்கு மூன்று மாதமே மிக நீண்ட காலம். பணிக்கொடையும் முழு ஓய்வூதியமும் அதனோடு சிக்கிக்கொள்கின்றன.

வெளியார் கண்காணிப்பு அறவே இல்லையா? இருக்கிறது, அரைகுறையாக. ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 320ஆம் உறுப்பு சொல்கிறது. கலந்தாலோசிக்காததால் மட்டும் தண்டனை செல்லாததாகிவிடாது என்று 1957லேயே தீர்ப்பாகிவிட்டது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் பெரும்பாலும் நடைமுறைப் பிழைகளையே ஆராய்கின்றன. சாட்சியங்களை மறுமதிப்பீடு செய்வதில்லை. தேசியப் பட்டியலினத்தோர் ஆணையத்திற்கு 338ஆம் உறுப்பின்படி ஆளழைத்து ஆவணம் கோரும் அதிகாரம் உண்டு. ஆனால் அதனால் தடையாணை பிறப்பிக்க இயலாது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே சமவெளி இன்னொரு நினைவையும் சுமக்கிறது. கோகுல்ராஜ் கொலை வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா, 2015 செப்டம்பர் 18 அன்று தன் இல்லத்தில் இறந்து கிடந்தார். மேலதிகாரிகளின் நெருக்கடி குறித்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதை முதலில் விசாரித்ததும் அதே மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவே. உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. அவர் உயிரோடிருந்தபோது, துறைக்கு வெளியே முறையிடவும் பாதுகாப்புப் பெறவும் நம்பகமான ஓர் இடம் அவருக்கு இருந்ததா?

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் சட்டம், பழிவாங்கலுக்குள்ளாகும் ஊழியர்களுக்காகத் துறைகளுக்கு வெளியே சிறப்பு வழக்குரைஞர் அலுவலகத்தை உருவாக்கியது. பழிவாங்கல் எனத் தோன்றும் நடவடிக்கையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோரும் அதிகாரம் அதற்கு உண்டு. அதிலும் குறைகள் உண்டு. எனினும் முறையீட்டைக் கேட்பவர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை அது ஏற்கிறது.

நாம் நான்கைக் கோருகிறோம். ஊழியரின் புகார் எந்தத் துறைத் தலைமையைக் குறித்ததோ, அத்தலைமை அவர்மீதான ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து விலக வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதியின் பொறுப்பில் விசாரணை நடக்க வேண்டும். ஓய்வுக்கு முந்தைய மாதங்களில் பிறப்பிக்கப்படும் பணியிடைநீக்கத்தை வெளி அமைப்பொன்று முப்பது நாட்களுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும். சாதிப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டியதன் தொடர்ச்சியாக வரும் நடவடிக்கைகளை இடைக்காலமாக நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பட்டியலினத்தோர் ஆணையத்திற்குச் சட்டத்திருத்தம் மூலம் வழங்க வேண்டும்.

அரசுப் பணி நம் மக்களில் பலருக்கு முதல் தலைமுறை ஊதியம்; ஒரு குடும்பத்தின் கல்வியும் வீடும் அதில் நிற்கின்றன. அநீதியைக் கண்டும் வாய்மூடியிருப்பதே அந்த ஊதியத்தின் விலை என்றால், உறையின் மீது சாதியை எழுதும் கை தயங்க எந்தக் காரணமும் இல்லை.