தமிழ்க் குழந்தையும் ஆங்கிலமும்

திருவனந்தபுரத்தில் ஆங்கிலக் கல்வி நெடுநாளையது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் 1834-இல் தோன்றிய பள்ளியே 1866-இல் கல்லூரியாக உயர்ந்தது. இந்நகரில் வாழும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்கிறது. ஆங்கிலம் கெட்டுவிடுமோ என்றஞ்சி, நம்முள் சிலர் வீட்டுத் தமிழையே நிறுத்திவிடுகிறோம். இது தேவைதானா?

பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பெரியது என்னும் பொருளுள்ள சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே நிற்கும். நம் எழுத்தில் பகரம் ஒன்றே, மலையாளத்தில் நான்கு. ஆகவே, மலையாளம் பழகிய குழந்தைக்கு அவ்வொலி வேறுபாடு புதிதன்று. தில்லியில் இந்திக்கும், மும்பையில் மராத்திக்கும் இது பொருந்தும். ஒரு மொழி மற்றொன்றுக்குப் படியாகுமேயன்றித் தடையாகாது.

முதலில் செவி, பின்னர் நா, அதன்பின் எழுத்து என்னும் முறையைக் கைக்கொள்வோம். 'பந்தைக் கொண்டு வா', 'கதவைத் திற' என்பன போன்ற ஏவல்களை ஆங்கிலத்தில் கூறுவோம். குழந்தை செய்து காட்டட்டும். பொருள் விளங்காதவிடத்துத் தமிழில் உரைப்போம். இரவுக் கதை மட்டும் தமிழிலேயே நடக்கட்டும். தாய்மொழியில் கதை கேட்டுப் பழகிய குழந்தை, வேற்றுமொழிக் கதையையும் விரும்பிக் கேட்கும்.