லூன் சிரிப்பதில்லை

கனடாவில் சில்லறை எண்ணிப் பழகிய எவருக்கும் லூன் பறவை அறிமுகமானதுதான். 1987இல் வெளிவந்த ஒரு டொலர் நாணயத்தில் அது நீந்துகிறது. நாணயத்தின் பெயரே 'லூனி' என்றாயிற்று. முதலில் அந்த இடத்துக்குத் தெரிவானது ஓடக்காரர்களின் படம். அதற்கான வார்ப்பச்சு 1986இல் ஒட்டாவாவிலிருந்து வினிபெக் போகும் வழியில் தொலைந்துபோகவே பறவைக்கு வாய்ப்புக் கிடைத்தது. தேசியச் சின்னங்கள் இப்படியும் உருவாகின்றன!

இதனை முக்குளிப்பான் என்று தமிழாக்கத் தோன்றும். அது சரியல்ல. ஊர்க் குளங்களில் நாம் கண்ட முக்குளிப்பான் வேறு குடும்பம். லூன் வடபுல ஏரிகளில் குஞ்சு பொரித்து, மாரியில் கடலுக்குப் போவது. சுழியோடுவதற்கென்றே அமைந்த உடல்; எலும்புகள் கனத்தவை, கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பவை. ஆகவே தரையில் அதனால் ஒழுங்காக நடக்க முடியாது. நீர் விளிம்பிலேயே கூடு கட்டுகிறது. வேகமாகப் போகும் விசைப்படகொன்றின் அலை போதும், முட்டைகள் அள்ளுண்டு போக.

அதன் குரல்கள் நான்கு வகை. தொலைவிலுள்ள துணையைத் தேடும் நீண்ட ஊளை. குடும்பத்துக்குள் பேசும் மெல்லிய ஒற்றையொலி. ஆண் மட்டும் தன் எல்லையை அறிவிக்க எழுப்பும் ஏற்ற இறக்கமான கூவல். நான்காவதான நடுங்கும் குரலைத்தான் ஆங்கிலத்தில் பைத்தியச் சிரிப்பு என்று எழுதிவைத்தார்கள். உண்மையில் பெரும்பாலும் அது அச்சக் குரல். படகு குஞ்சுகளை நெருங்கும்போது பறவை நீர்மேல் நிமிர்ந்தெழுந்து சிறகடிப்பதையும் நடனம் என்றே படமெடுக்கிறார்கள். மற்றவரின் அலறலைத் தன் பொழுதுபோக்காக வாசிக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதியதல்ல. பறவைக்கு மரியாதை என்பது அந்தக் குரல் கேட்டதும் படகைத் திருப்புவதுதான். அதற்கு முதலில் குரலின் பொருள் தெரியவேண்டும்.

ஈயத்தின் கதை இன்னும் மோசம். இரையை அரைப்பதற்காக லூன் சிறு கற்களை விழுங்கும். ஏரியடியில் கிடக்கும் தூண்டில் ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். ஒரு குண்டே கொல்லப் போதுமானது. 1997இல் கனடாவின் தேசியப் பூங்காக்களில் ஐம்பது கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகள் தடைசெய்யப்பட்டன. பூங்கா எல்லைக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் அத்தடை செல்லாது. எங்கள் தொழிற்சாலையில் ஈயப்பற்று வைப்பவர்கள் சாப்பிடுமுன் கைகழுவவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. கோடையில் சிம்கோ ஏரிக்குப் போகும் நம்மவர் பெட்டிகளிலும் அதே ஈயம் இருக்கக்கூடும். உருக்குக் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூட, ஒன்றிரண்டு லூனி.